கமலாவுக்கு கிளச் இல்லாத ஒரு வண்டி

எனக்கு நன்றாகப் பயப்படத் தெரியும். வேறு எதில் கெட்டிக்காரன் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கடல் தாண்டி ஈப்போ என்கிற ஊரில் பல வருஷமாகக் கார் ஓட்டுகிறேன்; என்னை முந்தாத லாரி கிடையாது. முந்துகிறவர்களை "போங்க ராசா, நல்லா இருங்க" என்று வழியனுப்பி வைப்பதுதான் என் ஓட்டும் முறை. அப்பேர்ப்பட்ட என்னைச் சென்னையிலிருந்து என் தங்கை கமலா டெலிபோனில் கூப்பிட்டு, "அண்ணே, நீ வந்து பாத்து எனக்கு ஒரு வண்டி எடுத்துக் குடு" என்றபோது முதலில் சிரித்துவிட்டேன். மறுமுனையில் அவள் சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

கமலா என்னோடு சேர்ந்து கார் பழகியவள். என்னைவிட நன்றாக ஓட்டியவளும் அவள்தான். கல்யாணமாகி சென்னைக்குப் போனபின், கணவர் சண்முகத்தின் தி.நகர் ஜவுளிக்கடைக்குப் பட்டுச்சேலை எடுக்கும் வேலை முழுக்க அவள் கையில் இருந்தது. காரை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போவாள், தறிக்காரர் வீடுகளில் ஏறி இறங்குவாள், பேரம் பேசிச் சேலைக் கட்டுகளோடு சாயங்காலம் திரும்புவாள். முந்தின வருஷ மழையில் அவள் போன ஆட்டோ கவிழ்ந்து இடது கால் நொறுங்கிப் போயிற்று. கம்பி வைத்துக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். கணுக்கால் மட்டும் இனி மடங்காது. மடங்காத காலால் கிளச்சை மிதிக்க முடியாது. அன்றிலிருந்து வீட்டோடு இருந்தாள்.

"வலது கால் நல்லாத்தானே இருக்கு? உன் வண்டிக்கு வலது கால் மட்டும் போதும்தானே அண்ணே?" என்று கேட்டாள்.

போதும். என் வண்டி ஆட்டோமேட்டிக். அதில் கிளச்சே கிடையாது. ஒரு கால் வேகத்துக்கும் பிரேக்குக்கும் மாறி மாறிப் போனால் சரி. ஏற்றத்தில் வண்டி நின்றுபோய்ப் பின்னால் உருளுமோ என்ற பயத்தில் நான் வாங்கியது அது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்றை ஓட்டிய ஒரே ஆள் நான் என்பதால் என்னை நிபுணன் ஆக்கிவிட்டார்கள். சண்முகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "உங்க அண்ணன் வந்து பாத்து சரின்னு சொன்னா வாங்குவோம். வேண்டாம்னா இந்தப் பேச்ச விட்டுரணும்." கமலா இனி வண்டி ஓட்டுவாளா மாட்டாளா என்பதை நான் வந்து சொல்ல வேண்டும். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தேன்.

ஊருக்கு அப்போதுதான் பெயர் மாற்றியிருந்தார்கள். என் டிக்கெட்டில் மெட்ராஸ், இறங்கின இடத்துப் பலகையில் சென்னை. சண்முகம் தன் பழைய வெள்ளைக் காரோடு வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய சின்ன வயதில் சென்னைக்கு வந்து கடை வைத்த குடும்பம். பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணிக் கரையை விட்டு வரவில்லை. "வாங்க மச்சான், சொகமா இருக்கீயளா?" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

அந்த முதல் பயணத்தை நான் என் கால்விரல்களால்தான் செய்தேன். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கட்டைவிரல் வலித்தது. ஈப்போவில் ஹார்ன் அடித்தால் சண்டை என்று அர்த்தம். இங்கே அது சம்பாஷணை. கேட்டுக்கொண்டே வந்ததில் கொஞ்சம் மொழிபெயர்க்கவும் பழகிவிட்டேன். குட்டையாக ஒன்று அடித்தால் "நான் இருக்கிறேன்." இரண்டு அடித்தால் "நீ ஏன் இருக்கிறாய்?" நீளமாக அடித்தால் அது பஸ், அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, ஒதுங்க வேண்டியதுதான்.

ஒரு பாலத்தின் இறக்கத்தில் சட்டென்று சத்தம் அடங்கிற்று. சண்முகம் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியிருந்தார். வண்டி சும்மா உருண்டு இறங்கியது.

"ஐயோ, என்ன மாப்பிள்ளை, வண்டி நின்னுபோச்சா?" என்றேன்.

"நான்தான் நிறுத்தினேன். எறக்கத்துல அதுவா உருளுதுல்லா மச்சான்? பெட்ரோல எதுக்கு வீணா எரிக்கணும்? கீழ போயி செகண்ட் கியர போட்டு கிளச்ச விட்டா தானா எந்திச்சிரும்." சொன்னபடியே செய்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. அக்கம்பக்கத்து வண்டிகளும் அதையே செய்தன. சிக்னலில் சிவப்பு விழுந்தால் எல்லா எஞ்சின்களும் ஒன்றாக அடங்குவதும், பச்சைக்கு முன் ஒன்றாகக் கனைப்பதும் எனக்கு விநோதமாக இருந்தது. ஒரு ஊரே சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அடையாறில் வீடு. கமலா வாசலுக்கே வந்துவிட்டாள். இடது காலை முன்னால் வீசி வீசி நடந்தாள். நான் குனிந்து என் செருப்பைக் கழற்றினேன். அவளோ, "என்னண்ணே, பஸ்ஸெல்லாம் பாத்துப் பயந்துட்டியா? முகம் வெளுத்திருக்கு" என்று என்னைக் கேலி செய்தாள். மதியத்துக்குச் சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பாலில் காய்கறி கொதித்த மணம். கல்யாணத்துக்குப்பின் மாமியார் வீட்டில் கற்றது. தேங்காய்ப்பால் எங்கள் ஊரிலும் எல்லாவற்றிலும் உண்டுதான், ஆனால் தொட்டுக்கொள்ள வைத்த இஞ்சித் துவையல் கண்ணில் நீர் வரவழைத்தது. மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டபின் அவள் ஒரு வேடிக்கை காட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை ஓரமாக நீட்டிக்கொண்டு, தரையில் இரண்டு ரப்பர் செருப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வலது கால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. "இது வேகம். இது பிரேக். டெய்லி மத்தியானம் பழகுறேன். நீ பஸ்ஸு வருதுன்னு சொல்லு, பாரு." நான் சொன்னேன். டப்பென்று கால் மாறியது. "மாடு!" என்றேன். டப். "போலீஸ்!" டப். இருவரும் சிரித்தோம். சண்முகம் சிரிக்காமல் எழுந்து பால்கனிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"பாத்தீயளா மச்சான்? செருப்ப வச்சுக்கிட்டு கார் ஓட்டுதா" என்றார். குரல் ஒருமாதிரி இருந்தது. "அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் நின்ன நெலம எனக்குத்தான் தெரியும். காலை எடுக்கணுமான்னு டாக்டருங்க பேசிக்கிட்டு இருக்காங்க, நான் வெளிய நிக்கேன். இன்னொரு தடவ என்னால அங்க நிக்க முடியாது. நான் வேண்டாம்னா சண்டைக்கு வருவா. நீங்க பாத்துட்டு, எந்த வண்டியும் சரியில்லன்னு சொல்லிருங்க."

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். கீழே தெருவில் ஒரு தண்ணி லாரி சைக்கிளை உரசிக்கொண்டு போனது. சைக்கிள்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஊரில் என் தங்கை ஒற்றைக் காலோடு வண்டி ஓட்டுவதா என்று எனக்கே தோன்றியது.

மறுநாள் ஒரு கார் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் டை கட்டிக்கொண்டு, தமிழில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொன்னான். அவன் சொன்னதைச் சுருக்கித் தமிழில் தருகிறேன்: இந்தியாவில் இந்த மாதிரி வண்டி கேட்டு வருகிறவர்கள் அபூர்வம், மேடம் மிகவும் முன்னேறியவர், இந்தச் சின்னக் கார் ஒன்றுதான் கிளச் இல்லாமல் கிடைக்கும். பளபளவென்றுதான் இருந்தது. கமலா உட்காரப் போனாள். இருக்கை அத்தனை தாழ்வு. காலை மடக்க முடியாததால் முதுகைக் கொடுத்து விழுந்துதான் உட்கார முடிந்தது. கையால் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். இறங்கும்போது நானும் சண்முகமும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். பையன் கண்ணாடிக் கதவைத் துடைக்கிற பாவனையில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், நல்ல பிள்ளை.

"எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்னா எனக்கு எதுக்குண்ணே வண்டி?" என்றாள் கமலா, முந்தானையைச் சரிசெய்துகொண்டே. "உசரமா வேணும். ஜீப்பு மாதிரி. திரும்பி நின்னு உக்காந்தா சீட்டு இடுப்புல தட்டணும். ஆனா பெருசா இருக்கக் கூடாது, பாண்டி பஜார்ல திருப்பணும். மழைத் தண்ணில போகணும். காஞ்சிபுரம் ரோட்டுல குலுங்காம ஓடணும்."

"அப்படி ஒண்ணு இந்த ஊர்ல இல்லையேம்மா" என்றேன். சொல்லும்போது எனக்குள் ஒரு நிம்மதி. சண்முகம் எங்களுக்கு பாதாம் அல்வா வாங்கித் தந்தார்.

அதற்கடுத்த நாள் ஈக்காட்டுத்தாங்கல். ஜவுளிக்கடையில் யாரோ சொன்னார்களாம், அங்கே தாஸ் என்று ஒரு வண்டி புரோக்கர், எதை வேண்டுமானாலும் தேடிக் கொடுப்பார் என்று. காலையிலிருந்து விடாத மழை. பட்டறைத் தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கள் கார் பாதி வழியில் இருமி நின்றது. கூப்பிடாமலே எங்கிருந்தோ நாலு பேர் வந்து தள்ளினார்கள். "பிரேக்க வுடு நைனா! கியரப் போடாத! இப்ப போடு!" என்று ஆளுக்கொரு உத்தரவு. வண்டி கிளம்பியதும் கையைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டார்கள். நன்றி சொல்லத் திரும்பினால் தெருவில் யாருமில்லை. எங்கள் ஊரில் தள்ள ஆள் வருவதற்குள் வண்டியில் காளான் முளைத்துவிடும்.

தாஸ் காட்டியது ஒரு பெரிய டீசல் ஜீப். "மேடம் கேட்ட மாரியே கீது சார். ஒசரம் கீது. தண்ணி ரோடுன்னா பூந்து பூந்து போவும். கிளச்சு மேட்டர நாம பாத்துக்குறோம்" என்றார். கிளச்சுக்கு ஒரு இரும்புக் கம்பியைப் பற்றவைத்து, மேலே சைக்கிள் கைப்பிடி மாட்டியிருந்தார். இடது கையால் அதை அழுத்த வேண்டும். அதே கையால் கியரையும் மாற்ற வேண்டும்.

"ரெண்டும் ஒரே கையாலயா?" என்றேன்.

"பழகிட்டா அதெல்லாம் ஒண்ணுமே இல்ல சார். என் மச்சான் ஒருத்தன் இத்த வச்சு திருப்பதி மலையே ஏறிட்டான்."

நான் அந்தக் கைப்பிடியை லேசாக அழுத்திப் பார்த்தேன். அது கையோடு வந்துவிட்டது. தாஸ் என் கையிலிருந்து மரியாதையாக வாங்கி, "வெல்டிங் இன்னும் ஆறல சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சண்முகமும் சிரித்துவிட்டார். கமலா மட்டும் மழையில் நின்று, கூரை இல்லாத அந்த ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் ஒரு பஜ்ஜிக் கடையோரம் நிறுத்தினோம். சண்முகம் வாங்கப் போனார். கமலா பின்சீட்டிலிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, நீ வண்டி பாக்க வந்தியா, என்னை வீட்டுல உக்கார வைக்க வந்தியா?"

"ஏன்மா அப்படிக் கேக்குற?"

"ஒவ்வொண்ணும் சரியில்லன்னதும் உன் முகத்துல ஒரு சந்தோஷம் வருது. எனக்குத் தெரியாதா உன்னை?"

பஜ்ஜி சுடச்சுட வந்தது. வாழைக்காய். நான் அதைத் தின்றேன். பதில் சொல்ல வாய் ஒழியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவள் சொன்னது உண்மை. அவள் விழுவதைப் பார்ப்பதைவிட அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அதை நினைத்து எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

நாலாம் நாள் மயிலாப்பூரிலிருந்து டெலிபோன் வந்தது. கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற சேஷாத்ரி என்பவர், ஜப்பானிலிருந்து வரும்போது ஒரு வண்டி கொண்டுவந்திருக்கிறார். கண் பார்வை குறைந்ததால் விற்கப் போகிறார். அவர் மனைவி கமலாவிடம் பட்டுப்புடவை வாங்கிப் பழக்கம். அந்த அம்மாள்தான் ஞாபகமாகக் கூப்பிட்டுச் சொன்னது.

கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. கதவைத் திறந்ததும் காப்பி வாசனை. பித்தளை டம்ளரில் நுரை ததும்பக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க் காப்பி கறுப்பாக, தடியாக இருக்கும். இது நாக்கில் பட்டதும் மூன்று நாள் பயமும் கொஞ்சம் இறங்கிற்று. சேஷாத்ரி தார்ப்பாயை விலக்கினார்.

சின்ன ஜீப் மாதிரி ஒரு வண்டி. உயரமாக, ஆனால் கச்சிதமாக, சாம்பல் நிறத்தில். பெட்ரோல் வண்டி. உள்ளே பார்த்தேன்: கீழே இரண்டே மிதிகள்.

"ஆத்துல சும்மா நிறுத்தி வெச்சுண்டு தொடச்சுண்டே இருக்கேன் சார்" என்றார் சேஷாத்ரி. "ஸ்டார்ட் பண்ணறச்சேயும் நிறுத்தறச்சேயும் லிவர் P-ல இருக்கணும். ஓட்டறதுக்கு பிரேக்க அமுக்கிண்டு D-ல போடுங்கோ, பிரேக்க விட்டா தானே நகரும். எடது கால கட்டிப் போட்டுடணும், அதுக்கு இங்க வேலையே கெடையாது."

கமலா யாரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்தாள், திரும்பி நின்றாள், உட்கார்ந்தாள். சீட்டு இடுப்பில் தட்டியது. காலை ஒரு வீசு வீசி உள்ளே வைத்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். பழைய கமலாவின் முகம். சண்முகம் அதைப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தார்.

குறை சொல்ல நான் எவ்வளவோ தேடினேன். டயர், துரு, விளக்கு, ஹார்ன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் சண்முகம் கனைத்துக்கொண்டு சொன்னார். "மொதல்ல நான் ஓட்டிப் பாக்குதேன். டவுனுக்குள்ள ஒரு சுத்து, பொறவு தாம்பரம் வரைக்கும் ரோட்டுல ஒரு சுத்து. எனக்கு திருப்தியா இருந்தா அவ ஓட்டட்டும்."

"தாராளமா ஓட்டிண்டு வாங்கோ" என்றார் சேஷாத்ரி. "உங்கள நம்பாம வேற யார நம்பறது?"

சண்முகம் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், கமலா பின்னால் நடுவில், இடது காலை எங்கள் இரண்டு சீட்டுக்கும் இடையில் நீட்டிக்கொண்டு. முதல் தெருவிலேயே சண்முகத்தின் இடது கால் கிளச்சைத் தேடிப்போய் பிரேக்கில் விழுந்தது. மூவரும் முன்னால் சாய்ந்து மோதிப் பின்னால் விழுந்தோம். "சாரி, சாரி" என்றார். ராயப்பேட்டை தாண்டுவதற்குள் பழகிவிட்டார். கியர் மாற்ற வேண்டியதில்லை என்றதும் முகத்தில் ஒரு பூரிப்பு வந்தது. "இது என்ன மச்சான், சாமி வாகனம் மாதிரி போவுதே!" என்றார். மவுண்ட் ரோட்டுக்கு வந்தோம். ஜெமினி மேம்பாலத்தில் ஏறினோம்.

உச்சி தாண்டி இறங்கும்போது சத்தம் அடங்கிற்று.

அவர் யோசித்துச் செய்யவில்லை. ஆயுசு முழுக்கச் செய்த கை, இறக்கத்தைக் கண்டதும் தானாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது.   இந்த மாதிரி வண்டியில், அவருடைய பழைய கார் போல இல்லாமல், எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம், ஸ்டியரிங்குக்குப் பலம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த ஒரே ஆள் நான். மூன்று நாளாக நிபுணன் என்று காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் இதை ஒருதரம் சொல்லியிருக்க வேண்டாமா!

முதல் மிதிக்குப் பிரேக் பிடித்தது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தார். பாதி பிடித்தது. மூன்றாம் முறை மிதி கல்லாக இறுகி, இறங்கவே இல்லை. வண்டி வேகம் எடுத்தது. கீழே ஒரு டவுன் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. சண்முகம் ஸ்டியரிங்கை ஒடித்தார். அது அசைய மறுத்தது.

"பிரேக் இல்ல! மச்சான், பிரேக் இல்ல!"

சாவியை முன்னால் திருப்பினார். கிளச்சை விட்டால் தானாக எழுந்துவிடும் என்று இடது கால் தேடித் தேடித் தரையை உதைத்தது. அங்கே கிளச் இல்லை. லிவர் D-யில் இருந்ததால் சாவிக்கும் எஞ்சின் எழவில்லை. பஸ்ஸின் பின்புறம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். முருகா என்றுகூடச் சொல்லவில்லை. ம்ம்ம் என்று ஏதோ முனகினேன்.

பின்னாலிருந்து ஒரு கை எங்கள் இருவருக்கும் நடுவே பாய்ந்தது. கமலா கைப்பிரேக்கைப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். டயர் கிறீச்சிட்டது. வால் ஒருபக்கம் இழுத்தது. நின்றது.

கையை எடுத்துப் பார்த்தபோதுதான் கண்டேன்: எங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு சைக்கிள். கேரியரில் முட்டைத் தட்டுகள், ஆள் உயரத்துக்கு. எங்கள் பம்பர் அவருடைய பின்சக்கரத்தைத் தொட்டும் தொடாமல் நின்றிருந்தது. அவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்றார் சண்முகத்தைப் பார்த்து. பிறகு தட்டுகளை ஒருதரம் எண்ணுவதுபோலப் பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

பின்னால் மவுண்ட் ரோடு முழுக்க ஹார்ன். அதை மொழிபெயர்க்க மாட்டேன். போக்குவரத்து போலீஸ்காரர் ஓடிவந்து பானெட்டில் தட்டினார். "யோவ், நடு ரோட்ல இன்னாய்யா பண்ணிக்கினு கீற? எடு எடு!"

சண்முகம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "என்னால முடியாது. மச்சான், நீங்க எடுங்க" என்றார்.

நான் இறங்கினேன். ஆனால் ஓட்டுகிற பக்கத்துக்குப் போகவில்லை. நடைபாதையைப் பார்த்தேன். அடையாறுக்கு நடந்தே போய்விட்டால் என்ன என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன், சத்தியமாக.

பின்கதவு திறந்தது. கமலா இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு, காலை வீசி வீசிச் சுற்றி வந்தாள்.

"நீ ஏம்மா எறங்குற? சார எடுக்கச் சொல்லு" என்றார் போலீஸ்காரர்.

"நான்தாங்க எடுக்கப் போறேன்."

அவர் அவள் காலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "எட்த்துனு போம்மா சீக்கிரம்" என்று கையைக் காட்டிப் பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தினார்.

சண்முகம் பின்சீட்டுக்குப் போனார்; நான் பழையபடி முன்னால் ஏறிக்கொண்டேன். "இந்த வண்டி வேண்டாம் கமலா. பிரேக் இல்ல. நம்மள கொன்னுருக்கும்."

"பிரேக் இருக்குங்க. நீங்க எஞ்சின நிறுத்தினதாலதான் பிடிக்கல." என்றாள்.  லிவரை P-க்குத் தள்ளினாள், சாவியைத் திருப்பினாள், எஞ்சின் எழுந்தது. பிரேக்கை மிதித்தாள்; மெத்தென்று இறங்கியது. கைப்பிரேக்கை விட்டாள்.

முதல் ஐம்பது அடி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. டப்பென்று வலது கால் மாறிற்று. என் தலை கண்ணாடியில் இடித்தது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் குலுக்கல் குறைந்தது. தேனாம்பேட்டை சிக்னலில் நின்றோம். அக்கம்பக்கத்து எஞ்சின்கள் எல்லாம் அடங்கின. எங்களுடையது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.  பேச்சு நின்றால் எனக்கு இன்னும் பயம் என்பதால், "மெதுவா மெதுவா" என்று நான் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். சைதாப்பேட்டை போயிற்று. ஆற்றுப்பாலம் போயிற்று. கிண்டியில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அவள் திரும்பவில்லை. நேரே போனாள்.

"கமலா, வீடு அந்தப் பக்கம்" என்றார் சண்முகம்.

"தெரியும்."

"எங்க போற?"

 விமான நிலையம் கடந்தது. ரோடு அகன்றது. லாரிகள் வந்தன, எங்களை முந்தின. ஒன்றை அவளே முந்தினாள். அது எத்தனை நீளமான லாரி என்று எனக்கு மட்டும்தான் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்தையும் காதால் கடந்தேன். நிறுத்து என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

தாம்பரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினாள். P-யில் போட்டாள். கைப்பிரேக்கை இழுத்தாள். அப்புறம்தான் அவள் வலது கால் நடுங்குவதைப் பார்த்தேன். முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் நிற்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளையில் அழுத மாதிரியே, தோள் குலுங்க.

"எனக்குப் பயமா இருந்துச்சுண்ணே" என்றாள். "பாலத்துலேருந்து இங்க வரைக்கும் பயம். உயிரே போயிருச்சு. ஆனா வீட்டுக்குத் திருப்பியிருந்தா அங்க நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருந்தா மறுபடி இந்த சீட்டுல உக்காந்திருக்க மாட்டேன். எனக்குத் தெரியும்."

சண்முகம் இறங்கிவிட்டார். மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நானும் இறங்கிப் பக்கத்தில் போனேன். லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க மச்சான். நீங்க சொல்லுததுதான். என்ன சொல்லுதீய?"

"எனக்குப் பயமா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். "வாங்கிக் குடுங்க."

"எனக்குந்தான் பயம்" என்றார் அவர். போய், முன்பக்கக் கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.